இரண்டு பேர் சரி சொன்ன வியாழக்கிழமை

நான்கு தடவை மணி அடித்தும் யாரும் எடுக்கவில்லையென்றால் ட்வைலா ஹாகன் போனைத் துண்டித்துவிடுவார். குரல் செய்தி விட்டுவைக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. "செய்தி விட்டா, மாட்டேன்னு சொல்றதுக்கு ஆற அமர யோசிச்சு வெச்சிருவாங்க. நேரா மாட்டினாத்தான் பொய் சொல்லத் தடுமாறுவாங்க" என்பார். அரைமணி கழித்து மறுபடி கூப்பிடுவார். அதன்பிறகு இன்னொரு தடவை. எதிர்முனையில் இருப்பவர் வெறுத்துப்போய் எடுத்ததும், ஏதோ எதேச்சையாகக் கூப்பிட்டவர் போல, "அடடே, கிடைச்சிட்டியா! பசங்க எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பிப்பார்.

இதையெல்லாம் அவர் உட்கார்ந்து செய்வதில்லை. எங்கள் கல்லூரி உள்ளரங்கில் ஆளில்லாத கூடைப்பந்துத் தரையின் ஓரக்கோட்டை ஒட்டி நடந்துகொண்டே பேசுவார். கோட்டை மிதிக்க மாட்டார். அந்தப் பக்கம் 'முடியாது' என்று பதில் வந்தால் சட்டென்று திரும்பி, வந்த வழியே எதிர்த்திசையில் நடக்கத் தொடங்குவார். ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் முடிய இதுதான் அவருடைய நடை. நான் வேதியியல் கட்டடத்துக்குப் போகும் குறுக்குவழி அந்த அரங்கத்துக்குள்தான். அவர் எத்தனை தடவை திரும்புகிறார் என்று பார்த்தே அன்றைய வியாபாரம் எப்படி என்று தெரிந்துகொள்வேன். சில நாட்களில் ஒரு சுற்றுகூட முழுமையாக முடிந்திருக்காது.

ட்வைலா எங்கள் பெண்கள் அணியின் துணைப் பயிற்சியாளர். அறுபதைத் தொடப் போகிறார். நெட்டை உருவம், ஒற்றைச் சடை, இடது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை. இந்தத் தரையில் ஆடித்தான் அந்தக் காலைக் கெடுத்துக்கொண்டார். ஓயாமல் சூரியகாந்தி விதை கொறிப்பார். தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை, காப்பிக்கு ஒரு காகிதக் கோப்பை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எது எது என்பதில் அவருக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. எனக்கு ஒருநாள் வந்தது. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

என் பெயர் திருமலைசாமி. இங்கே அது யார் வாயிலும் நுழையாததால் ட்ரூ ஆகிவிட்டது. இந்தச் சிவப்பாற்றுச் சமவெளிக்கு வந்து பிள்ளைகளை வளர்த்து அனுப்பியும் ஆகிவிட்டது. வேதியியல் வகுப்பு எடுத்தது போக மீதி நேரத்தில், ஆட்டங்களின்போது மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டி நிறுத்துவது என் வேலை. சம்பளம் கிடையாது. பாலாடையோடு சூளையில் சுட்ட உருளைக்கிழங்குக் கேசரோல் ஒரு தட்டு உண்டு. ஆண்டு முழுவதும் ட்வைலா அலைந்து பிடித்துக்கொண்டுவரும் ஆட்டங்களுக்குத்தான் நான் பொத்தானை அழுத்துகிறேன் என்பதால், அவருடைய தொழில் எனக்கு ஓரளவு அத்துப்படி.

அந்தத் தொழில் வரன் தேடுவது மாதிரிதான். எங்கள் கூட்டணியைச் சேர்ந்த கல்லூரிகளோடு ஆடவேண்டியவை தானாக அமைந்துவிடும். மற்ற ஆட்டங்களுக்கு நாமே ஆள் பிடிக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்கள் எங்களைத் தங்கள் ஊருக்கு அழைத்து, செலவுக்குக் கொடுத்து, அடித்து அனுப்பத் தயார். எங்கள் ஊருக்கு வா என்றால் மட்டும் அவர்களுக்கு ஆயிரம் வேலை வந்துவிடும். ட்வைலா இதை ஒரே மூச்சில் சொல்வார்: "இங்க வந்து ஜெயிச்சா, 'இந்தப் பொடிசுங்களைத்தானே'ன்னு சொல்லுவாங்க. தோத்துட்டா அவங்க கோச்சம்மாவுக்கு வேலையே போயிடும். எந்தப் பைத்தியம் வரும், சொல்லு?"

நிலைமை இப்படி முற்றியதற்கு நாங்களேதான் காரணம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெரிய இடத்துக்குப் போய், அடி வாங்கிக்கொண்டு வரவேண்டிய பெண்கள் ஜெயித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டோம். பனியில் நின்று நானும் கத்தினேன். அடுத்த வாரத்திலிருந்து ட்வைலாவின் போனை எடுப்பவர்கள் குறைந்துபோனார்கள். "தோத்துக்கிட்டிருந்த வரைக்கும் நான் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. ஒரே ஒரு தடவை ஜெயிச்சோம், அம்மை போட்ட வீடு மாதிரி ஒதுக்கிட்டாங்க" என்று விதைத் தோலைத் துப்பினார்.

இன்னொரு சங்கதி. ஒரே தேதியை ஐந்தாறு பேருக்குக் காட்டி ஆசைகாட்டுவது அவருடைய பழக்கம். ஒருதடவை நான், "ரெண்டு பேரும் சரின்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். ட்வைலா நடப்பதை நிறுத்தாமல் சிரித்தார். "ரெண்டு பேரா? ஒருத்தர் சொல்லட்டும் முதல்ல. உன் வாயில சர்க்கரை போடறேன்."

இந்த இடத்தில் அவருடைய சமையலறை வாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுப் பெண்களை அணிக்கு எடுக்க வீடு வீடாகப் போவார்கள் அல்லவா, அப்போது பெண்ணோடு தலைமைப் பயிற்சியாளர் பேசுவார். ட்வைலா பாத்திரம் துடைக்கிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்து தாய் தகப்பனிடம் பேசுவார். "உங்க பொண்ணு படிப்பு முடிக்கறதுக்குள்ள ஒரு தடவை, உங்க வீட்டுக்குப் பக்கத்துல ஆட வெப்பேன். நீங்க முன்வரிசையில உட்கார்ந்து பார்க்கணும்." அவ்வளவுதான் வாக்கு. பெண்ணுக்கு அது தெரியாது. இதற்காகவே எங்கள் அணி யாரும் போகாத ஊருக்கெல்லாம் பஸ் ஏறியிருக்கிறது. பயண வரைபடத்தைப் பார்த்தால் குடித்தவன் போட்ட கோடு மாதிரி இருக்கும்.

பிரின் கால்டர் மொன்டானாவில் மாடு வளர்க்கிற வீட்டுப் பெண். அம்மா இல்லை. அப்பா வேட் கால்டருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பக்கத்து நகரத்து மருத்துவமனையில் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு ஒரு முழுநாள் பயணம். மகள் கல்லூரியில் ஆடி அவர் நேரில் பார்த்ததே இல்லை. கணினித் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நகரத்தில் ஒரே ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அதன் பயிற்சியாளர் மூன்று வருடமாக ட்வைலாவைத் திரும்பி நடக்க வைத்துக்கொண்டிருந்தார். பிரினுக்கு அது கடைசி வருடம்.

பட்டியலில் மீதமிருந்தது டிசம்பரில் ஒரே ஒரு ஓட்டை. தேர்வு முடிந்து, விடுமுறை தொடங்குவதற்குள் வரும் ஒரு வியாழக்கிழமை. அதைத்தான் வழக்கம்போல எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில், பீட்கிழங்கு லாரிகள் ஓடத் தொடங்கிய சமயத்தில், ஒருநாள் காலை நான் அரங்கில் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ட்வைலா சுற்றி வந்துகொண்டிருந்தார். போனில் பேசிக்கொண்டே வந்தவர் கூடைக்கு நேர் கீழே அப்படியே நின்றுவிட்டார். அவர் நின்று நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். நெஞ்சுவலி என்று நினைத்து ஓடினேன்.

"மொன்டானாக்காரி சரின்னுட்டா, ட்ரூ. அந்த வியாழக்கிழமை. அவளுக்கு வேற யாரும் கிடைக்கலையாம்."

அவருடைய கண் நிறைந்திருந்தது. எழுந்துகொள்ளக் கை கொடுத்தேன். அதைப் பிடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது. எங்கள் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளரை ட்வைலா பத்து வருடத்துக்கும் மேலாகத் துரத்திக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்ததற்குக்கூட வாழ்த்து அனுப்பியிருக்கிறார். அந்தம்மாள் போனிலேயே கத்தியது எனக்குக் கேட்டது. வரவேண்டிய அணி ஒன்று கைவிரித்துவிட்டதாம். அதே வியாழக்கிழமை காலியாம். அவர்களே எங்கள் ஊருக்கு வருகிறார்களாம்.

"அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று ட்வைலா போனை வைத்தார்.

அந்த ஐந்து நிமிடத்தில் அவர் மூன்று பேரைக் கூப்பிட்டார். மொன்டானாவில் வெள்ளிக்கிழமை ஆடலாமா? அரங்கம் காலிதான், ஆனால் வெள்ளியன்று வேட் கால்டர் இயந்திரத்தில் இருப்பார். அவருக்கு நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று மருத்துவமனையைக் கேட்டார். இடமில்லை. பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஒருநாள் தள்ளிப்போனால் சரியா? வியாழன் என்றால் வியாழன்தான். மூன்று தடவையும் திரும்பித் திரும்பி நடந்து கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே? ரெண்டு பொருளை ஒரே இடத்துல வெக்க வழி இருக்கா?"

"அது பிசிக்ஸ்" என்றேன்.

"உருப்படாத படிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். பெரிய பல்கலைக்கழகத்தைத்தான் கூப்பிட்டார். "பத்து வருஷமா உன் கால்ல விழுந்தவ இன்னைக்கு வேண்டாங்கிறேன். நல்லாத் திட்டு, வாங்கிக்கிறேன்." அந்தம்மாள் திட்டவில்லை. "சரி ட்வைலா. இனிமே என்னைக் கூப்பிடாதே" என்று மட்டும் சொன்னாராம். இந்த ஊர்ப்பக்கத்தில் அதுதான் கதவை அறைந்து சாத்துவது.

அதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து யாரோ, ஆட்டம் உறுதி என்று நினைத்து, எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கிரெட்சன் மாவருக்கு வாழ்த்து அனுப்ப, அவர் காப்பிக்கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு, கையை விரித்துக்கொண்டு அரங்கத்துக்குள் ஓடிவந்தார். ட்வைலா நடந்ததைச் சொன்னார். வேட் கால்டர், சமையலறை, வியாழக்கிழமை, எல்லாவற்றையும். கிரெட்சனின் விரிந்த கைகள் இறங்கின. மேலே தொங்கும் பழைய கொடிகளைப் பார்த்தபடி நின்றார்.

"ஊர்ல என்ன சொல்றது?" என்றார்.

"மொன்டானா ஒப்பந்தத்துல முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டேன், மறந்து தொலைச்சுட்டேன்னு சொல்லு."

"கிழவிக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு சொல்லுவாங்க, ட்வைலா."

"சொல்லட்டுமே. நிஜத்தைச் சொன்னா அந்தப் பொண்ணு தலையிலதான் விழும். அவ ஒவ்வொரு தடவை பந்தைத் தவறவிடறப்பவும், 'இதுக்காகவா அதை விட்டோம்'னு முணுமுணுப்பாங்க. அவளுக்கு இருபத்தோரு வயசு. எனக்குத் தோல் தடிச்சுப் போச்சு."

கிரெட்சன் வாசல்வரை போய்த் திரும்பினார். "நீ மறந்துட்டே. எனக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அதனால் இந்த உண்மை எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். இதை நான் இங்கே எழுதுகிறேன் என்றால், இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்கிற தைரியத்தில்தான். என் மனைவிக்கும் தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் அவள் என் எழுத்தைப் படிப்பதில்லை.

எங்கள் ஊரில் யாரும் கோபத்தில் கத்த மாட்டார்கள். அது நாகரிகம் இல்லை. கேக்கோ பிஸ்கட்டோ சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, கையில் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது மெதுவாக ஒரு ஊசி குத்துவார்கள். ட்வைலாவுக்கு அந்த இலையுதிர்காலம் முழுக்க ஊசிதான். காப்பிக்கடையில் பீட் விவசாயி ஆர்வில் ஸ்டெனருட் தொப்பியைக் கழற்றாமலே, "கண்ணு டாக்டரைப் பார்த்தியா ட்வைலா? வியாழக்கிழமைக்கு அப்புறம் வெள்ளின்னு இன்னும் இருக்காம்" என்றார். கடையே கப்பென்று காப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ட்வைலா, "பார்த்தேன் ஆர்வில். உன் மூஞ்சி தெளிவாத் தெரியுது. கண்ணு கெட்டே இருந்திருக்கலாம்" என்று பதில் கொடுத்தார். சிரித்தார்கள். ஆனால் ஆர்விலின் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. அந்தப் பெரிய அணி தன் ஊரில் ஆடுவதைச் சாவதற்குள் பார்க்கவேண்டும் என்று அவரும் ஆசைப்பட்டவர்தான்.

பிறகு காலண்டர்கள் வரத் தொடங்கின. வங்கியின் காலண்டர், தீவனக் கடை காலண்டர், சவ அடக்கக் கடையின் காலண்டர். யாரோ ஒருவர் தொடங்கிவைக்க, ஊரே பிடித்துக்கொண்டது. காலையில் ட்வைலாவின் அறைக்கதவைத் திறந்தால் கீழே ஒன்று கிடக்கும். வண்டியின் கண்ணாடித் துடைப்பானில் ஒன்று சொருகியிருக்கும். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தோடு ஒன்றைக் கொடுத்தார்கள். நான்தான் எரிச்சலில் குதித்தேன். "ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாரும் வந்து மன்னிப்புக் கேட்பாங்க" என்றேன். "கேட்டுட்டு நேரா அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்ப்பாங்க. சுத்தியலை எடுத்துக் கொடு" என்றார் ட்வைலா. வந்த காலண்டர் அத்தனையையும் அறைச்சுவரில் ஆணி அடித்து மாட்டினார். வண்ணம் தீட்டியதுபோல் ஆகிவிட்டது சுவர்.

மொன்டானாவுக்கு நானும் போனேன். புள்ளிக்கணக்கு எழுதும் மாணவிக்கு உடம்பு சரியில்லை என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். வேட் கால்டர் எங்கள் இருக்கைகளுக்குப் பின்னால் முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். இளைத்த மனிதர். முழங்கைக்குக் கீழே கட்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முன் பெயர் சொல்லி அழைத்தபோது பிரின் ஓடிவந்து அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பதற்றத்தில் ஒரு பந்தும் கூடைக்குள் போகவில்லை. போனது எல்லாம் எதிராளி கைக்குத்தான். தோற்கவே கூடாத அணியிடம் தோற்றோம். நான் எண்களை எழுதவே கூச்சப்பட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவை பந்து அவள் கைக்கு வந்தபோதும் பின்னால் அந்தத் தொப்பி முழங்காலிலிருந்து மேலே எழும்பி இறங்கியதை நான் பார்த்தேன். கடைசியில் வேட் மெதுவாக எழுந்துவந்து ட்வைலாவின் கையைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

"பரவாயில்ல, நல்லாத்தான் ஓடுறா" என்றார்.

அந்தப்பக்கத்து ஆண்கள் வாயிலிருந்து வந்த 'பரவாயில்ல', பட்டமளிப்பு விழாவுக்குச் சமம். ட்வைலா விதைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார். இரண்டு பேரும் நின்று கொறித்தார்கள்.

தோற்றுவிட்டுத் திரும்பியதும் ஊரில் ஊசிகள் இன்னும் கூர்மையாகிவிட்டன. எங்கிருந்துதான் பிடித்தார்களோ, அடுத்த வருடக் காலண்டர்களும் வர ஆரம்பித்துவிட்டன.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் அரங்கில் நடந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன், படிப்பை முடித்துப்போகும் பெண்கள் மைதான நடுவில் நின்று ஆளுக்கொரு வார்த்தை பேசி, பயிற்சியாளர்களுக்கு ஏதாவது பரிசு கொடுப்பது வழக்கம். பிரின் கால்டர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் மறைத்துவைத்திருந்ததை எடுத்தாள். மாட்டுப்பண்ணைப் படம் போட்ட, முடிந்துபோன வருடத்துக் காலண்டர். மொன்டானாவில் அப்பா தீவனம் வாங்கும் கடையில் கொடுத்ததாம். அரங்கம் அதிர்ந்தது. ஆர்வில் எழுந்து நின்று கைதட்டினார்.

"கோச், இது உங்களுக்கு" என்றாள் பிரின். "டிசம்பர்ல அந்த வியாழக்கிழமையைச் சிவப்புல வட்டம் போட்டு வெச்சிருக்கேன், இனிமே மறந்துடாதீங்க. ஆனா நீங்க மறந்தது எனக்கு நல்லதாப் போச்சு. எங்கப்பா பார்த்த ஒரே ஆட்டம் அது. நீங்க தேதியைக் குழப்பாம இருந்திருந்தா அதுவும் இருந்திருக்காது."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ட்வைலா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். காலண்டரை மாலை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாலாபக்கமும் குனிந்து வணக்கம் வைத்தார். மேசையில் உட்கார்ந்திருந்த நான் கடிகாரத்தைத் தொடங்கிவைக்க மறந்துபோனேன். நடுவர் வந்து மேசையைத் தட்டினார். ஆத்திரமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, கண் எரிந்தது. கிரெட்சன் மாவர் காலணிக்கயிற்றைக் கட்டுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது. பிரின் மொன்டானாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். வேட் கால்டர் இன்னும் வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். பெரிய பல்கலைக்கழகம் இன்னும் எங்கள் ஊருக்கு வரவில்லை. ட்வைலா அவர்களை மறுபடி கூப்பிடத் தொடங்கிவிட்டார். நான்கு தடவை மணி அடிக்கும், துண்டிப்பார்.

போன வாரம் மழை ஈரத்தில் முழங்கால் வலித்ததாலோ என்னவோ, அவர் அரங்கில் நடக்காமல் அறையிலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "நவம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்க வந்தா போதும், சாப்பாடு எங்க பொறுப்பு" என்று யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். சுவரில் இருந்த காலண்டர்களை யாரோ துப்புரவாக எடுத்துவிட்டிருந்தார்கள். ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. ஒன்று மட்டும் மேசைக்கு மேலே மிச்சமிருந்தது. மாட்டுப்பண்ணை. ஏப்ரல் பிறந்து, வெளியே பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் சிவப்பு வட்டம் போட்ட அந்த டிசம்பரிலேயே நின்றுகொண்டிருந்தது.

காலாவதியாகிவிட்டதே, ஆணியிலிருந்து எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். ட்வைலா பேச்சை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஆமாமா, செவ்வாய்தான், நல்லா ஞாபகம் இருக்கு" என்று போனில் சொல்லிக்கொண்டே, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.